அரக்கு கேட்ட முதலாளி

போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கடை முதலாளிக்குப் பெரிய தொந்தி, சின்னக் குரல். மார்ச் மாதம் வந்தால் வரி ஆபீசர் என்று சொல்லிக்கொண்டு வசூலுக்கு வரும் போலி ஆசாமிகளை அந்தக் குரலை உயர்த்தாமலே விரட்டிவிடுவார்.

ஒருநாள் சஃபாரி சூட் போட்ட ஒருவர் வந்து, "இப்பவே பணத்தைக் கொடுங்க, இல்லாட்டி கடைக்கு சீல் வைப்பேன்" என்று மேசையைத் தட்டினார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, சார் சீல் வைக்கணுமாம். பார்சலுக்கு வச்சிருக்கிற அரக்கையும் மெழுகுவர்த்தியையும் வெரசா கொண்டா."

கொண்டுவந்தேன். வந்தவர் பையைத் தடவினார். சீல் ஜீப்பில் இருக்கிறது என்று போனவர், திரும்பவே இல்லை.

மறுவருஷம் இன்னொருவர் வந்து அதையே சொன்னார். முதலாளியும் அதே அரக்கைக் கேட்டார். இவர் பையிலிருந்து பித்தளை சீல் ஒன்றை எடுத்தார்.

பூட்டிய கடைக்கு வெளியே நின்று முதலாளி அந்த அரக்கைத் தொட்டுப் பார்த்தார். "இவரு நெசமான ஆபீசருதான் மாப்ளே" என்றார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதிதான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.