மூன்று நிறத்து ஃபியட்

ஆறுச்சாமி குப்பை லாரி ஓட்டிய நாட்களில் மட்டாஞ்சேரியில் அவருக்கு யாரும் கை காட்டியதில்லை. லாரி தெருமுனையில் திரும்பும்போதே கைகள் மூக்குக்குப் போய்விடும். அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை. மாநகராட்சி வேலை, கையில் ஸ்டியரிங். பின்னால் என்ன ஏற்றியிருக்கிறது என்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

தொண்ணூற்றேழில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மனைவி சரோஜம்மாவுக்கு அதே மாநகராட்சியில் தெரு பெருக்கும் வேலை. இன்னும் சில வருடங்கள் பாக்கி. அவர் காலையில் கிளம்பிப் போனதும் ஆறுச்சாமி வாசலில் நின்று போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "கிளட்சை மிதிச்சே கொல்றான்" என்று முகம் தெரியாத யாரையாவது திட்டுவார்.

அடுத்த வருடம் பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கை விற்றார்கள். மாநகராட்சியில் சேர்வதற்கு முன், இருபது வயதில், ஆறுச்சாமி அந்தக் கிடங்கு முதலாளியின் ஃபியட் காருக்குக் கிளீனராக இருந்தவர். ஒருநாள் டிரைவருக்குக் காய்ச்சல். முதலாளியம்மாவைப் படகுத்துறையில் கொண்டு விட வேண்டும். "நீ ஓட்டுவியாடா?" என்று முதலாளி கேட்டதற்கு "ஓ" என்று ஒரே ஒரு எழுத்தில் பதில் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஸ்டியரிங்கிலேயே கியர். முன்கதவு தலைகீழாக, முன்னாலிருந்து பின்னோக்கித் திறக்கும். அதற்கு முன் அவர் எதையும் ஓட்டியதில்லை என்பது படகுத்துறை போய்ச் சேரும்வரை அம்மாவுக்குத் தெரியாது.

அதே ஃபியட் கிடங்கின் மூலையில் சாக்கு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. "எடுத்துக்கிட்டுப் போயிடு ஆறுச்சாமி, எனக்குப் பெரிய உபகாரம்" என்றார் முதலாளியின் மகன். எதிர்வீட்டுப் பிச்சைமணி தன் ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்துவந்தான். ஆட்டோ இழுக்க, கார் பின்னால் ஆடி ஆடி வர, யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு வெள்ளைக்காரர் நின்று படம் பிடித்தார்.

சரோஜம்மா சீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள எலி குடும்பம் நடத்துது. இனி அதுக்கும் சேர்த்து நான் சோறு வடிக்கணுமா?"

"எலி போயிடும்."

"நீங்க போமாட்டீங்களே."

வேலை மூன்று வருடம் இழுத்தது. உப்புக்காற்றும் மழைக்கால வெள்ளமும் தரைத்தகட்டை அப்பளமாக்கியிருந்தன. அதைப் பக்கத்துப் பள்ளுருத்தியில் வெல்டிங் வைத்தார்கள். என்ஜினை ஆறுச்சாமி மற்றவர் கையில் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் தடவித் தடவிப் பூட்டினார். முதல்முறை ஸ்டார்ட் ஆனபோது தெரு முழுக்கத் தும்மியது. எங்கெங்கோ இடுக்கில் தங்கியிருந்த மிளகெல்லாம் சூட்டில் புகைந்துவிட்டது.

ஆனால் கொஞ்ச நாளாகவே அவர் சாயாவை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். தெருவில் போகும் யாரையோ மகள் சுமா என்று நினைத்துக் கூப்பிட்டார். சரோஜம்மா சொல்லிப் பார்த்தார்.

"ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்க."

"காட்டினா வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிடுவான். பின்னே மூணு வருஷமா நான் எதுக்குக் கையைக் கருக்கினேன்? ஒரே ஒரு தடவை ரோட்டுல இறக்கிக்கிறேன். அப்புறம் கண்ணைப் பிடுங்கிக்கிட்டுப் போகட்டும்."

கடைசியில் பெயிண்ட். அந்தக் காருக்கு அந்தக் காலத்தில் இருந்தது இளம் கிரீம் நிறம். வெள்ளையில் மஞ்சளைக் கலந்து அவரே அதைக் கொண்டுவந்தார். ஒரு டப்பா தீர்ந்தால் இன்னொன்று கலப்பார். முன்பக்கம் பால் நிறம், பின்பக்கம் வெண்ணெய் நிறம், டிரைவர் கதவு மட்டும் நேந்திரங்காய் சிப்ஸ் நிறம். அவர் தூர நின்று பார்த்து, "பழைய கலர் அப்படியே வந்துடுச்சு, பாத்தியா" என்றார்.

பிச்சைமணி சரோஜம்மாவைப் பார்த்தான். சரோஜம்மா தரையைப் பார்த்தார்.

"அடிபொளி, சேட்டா, பிரமாதம்" என்றான் பிச்சைமணி. அதற்குப் பிறகு தெருவில் வந்தவர் போனவர் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, ஆறுச்சாமி ஏறி உட்கார்ந்தார். வண்டி வெண்ணெய் போல நகர்ந்தது. தெருக் குழாயடியில் பேச்சியம்மாள் நீல பிளாஸ்டிக் குடத்தை வழியில் வைத்துவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த குடம். வண்டி நேராக அதன்மேல் ஏறியது. பட்டென்று வெடித்து, தண்ணீர் சிதறியது.

பேச்சியம்மாள், "பழைய குடந்தான் அண்ணாச்சி, நீங்க போங்க" என்றார்.

ஆறுச்சாமி இறங்கி வந்து டயருக்கு முன்னால் குனிந்து, நசுங்கிய குடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அந்த உயரத்துக்குத்தான் தெருவில் பிள்ளைகளும் ஓடித் திரிந்தார்கள். யாரும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாவியை எடுத்துச் சரோஜம்மா கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். பிச்சைமணிதான் வண்டியைத் தள்ளிக் கொண்டுவந்து வாசலில் விட்டான்.

எறணாகுளத்தில் கண்புரை என்றார்கள். முற்றிப் போயிருந்தது. ஆபரேஷன் செய்தால் தெரியுமா, வலிக்குமா என்றெல்லாம் கேட்காமல், "வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். "முடியட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் டாக்டர். அந்தப் பதிலோடு முதலில் ஒரு கண், சில மாதம் கழித்து மறு கண் என்று ஆறுச்சாமி காத்திருந்தார். ஃபியட்டின் மேல் தார்ப்பாய் கிடந்தது. "நான் சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது" என்பது அவர் உத்தரவு. வண்டியின் காகிதங்களைப் புதுப்பிக்கிற அலைச்சலைச் சுமா ஏற்றுக்கொண்டாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்த வேகத்தில் தார்ப்பாயை உருவினார். உருவியவர் அப்படியே நின்றார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று.

"இதென்ன கோலம்?"

சரோஜம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"டேய் பிச்சைமணி! இங்க வாடா. இதைத்தானே அடிபொளின்னு சொன்னே?"

"நான் என்ஜின் சத்தத்தைச் சொன்னேன் சேட்டா."

"இந்தக் கதவு?"

"கதவைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "முழுசா சுரண்டி, புதுசா அடிச்சிட்டுத்தான் எடுப்பேன்" என்றார். "இப்படியே வெளிய எடுத்தா ஊரே சிரிக்கும்."

சரோஜம்மா முறத்தைக் கீழே வைத்தார். "ஊர் சிரிச்சு முடிச்சாச்சு. இன்னும் ஒரு வருஷம் சுரண்டுவீங்க, அப்புறம் வேற ஏதாவது கிடைக்கும். ஓட்டறதுன்னா இப்ப ஓட்டுங்க. நான் வரேன்." புடவையைக் கூட மாற்றாமல் போய் முன்சீட்டில் ஏறினார். தலைகீழ்க் கதவை எப்படிச் சாத்துவது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆறுச்சாமி வந்து அதைச் சாத்திவிட்டு, சிப்ஸ் நிறக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். பள்ளுருத்திக் கோயில்வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு.

வழியெல்லாம் அவர் போர்டுகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போனார். "இது எப்ப மொபைல் கடையாச்சு? இங்க நம்ம ரேஷன் கடைதானே இருந்துச்சு? ஐயோ, சுக்குக் கிடங்கு ஓட்டலாயிடுச்சு பாரு. எப்ப?"

"நீங்க பாக்காத நேரத்துல. முன்னாடி பாத்து ஓட்டுங்க."

பஸ் நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் வண்டியைக் காட்டிக் கூச்சல் போட்டார்கள். சரோஜம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆறுச்சாமி அவர்களுக்கு ஹாரன் அடித்தார்.

கோயில் வந்தது, போனது.

"கோயில் தாண்டிடுச்சுங்க."

"தெரியுது."

"எங்க போறீங்க?"

"இடக்கொச்சிப் பாலம் ஏறி, வைட்டிலா சுத்தி வந்துடலாம்."

"அடுப்புல சோறு இல்ல, ஒண்ணும் இல்ல."

"வைட்டிலால மசால்தோசை வாங்கித் தரேன், பேசாம வா" என்று ஆறுச்சாமி கியரை மாற்றினார். சரோஜம்மா மிளகு நெடியில் ஒரு தும்மல் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.