ரத்தம் வந்த இடம்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றுக்குப் புடவைக் குஞ்சம் கட்டிக்கொடுத்தவர் கலைவாணி. முந்தானை நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சிட்டு, மிஞ்சும் நுனியை முன்பல்லால் கடித்துத் துண்டிப்பார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும். அதை எடுத்து வைக்கிற நேரத்தில் இன்னொரு முடிச்சு போட்டுவிடலாமே என்பார்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வரத் தொடங்கியதும் பிரஷ்தான் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டார். ரத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தேய்த்தார். விட்ட இடம் நாளாக ஆகப் பெரிதாயிற்று. வலி இல்லை. வலிக்காத ஒன்றுக்கு யார் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது? ஈறு ஒதுங்கி முன்பற்கள் நீளமாகத் தெரிந்தன. ஆட்டோ ஓட்டும் கணவர் ஜெயக்குமாருக்கு அது வேடிக்கை.

"இந்த வயசுல பல்லு வளந்துக்கினு இருக்குது உனக்கு."

கலைவாணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாயின் நாற்றம் அவருக்கே தெரிந்திருந்தது. ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார்.

போன ஆவணியில் சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை வந்தது. நூலைக் கடித்தபோது உதடு ஈரமானது. பார்த்தால் முந்தானையில் சிவப்பாக ஒரு புள்ளி. பதறிப்போய் ஈரத்துணியால் ஒற்றினார். புள்ளி இன்னும் பரவியது.

கடையில் வேலைகளைக் கவனிக்கும் சபாபதி கத்தவில்லை. விரலை வெட்டிக்கொண்டாரா என்று கேட்டார். கலைவாணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சபாபதி அவர் வாயைப் பார்த்தார்.

"பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு நான் என்னம்மா சொல்றது? வாய் ரத்தம்னா தொடுவாங்களா?"

பல்லைச் சரிசெய்துகொண்டு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பல் மருத்துவர் சின்ன வயதுப் பெண். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தார். அது ஆழமாகப் போயிற்று. பல்லில் காரை படிந்து, ஈறு சீழ் பிடித்து, உள்ளே எலும்பும் கரைந்திருப்பதாகச் சொன்னார். ஆடும் முன்பற்கள் இரண்டையும் பிடுங்கத்தான் வேண்டும் என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளவும் சொன்னார்.

"ரத்தம் வந்தப்பவே வந்திருக்கணும்மா. அந்த எடத்த விட்டுடக் கூடாது. மெதுவான பிரஷ்ஷா வாங்கி, அங்கயும் பதமா தேய்க்கணும். காலைல மட்டும் இல்ல, படுக்கப் போறப்பவும்."

"முன்னால இருக்கிற ரெண்டு மட்டும் கட்டி வெச்சா நிக்காதாம்மா?"

"பக்கத்துப் பல்லும் லேசா ஆடுதேம்மா. எதுல கட்டறது?"

பிடுங்கும்போது பெரிதாக வலிக்கும் என்று நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இழுத்ததே தெரியவில்லை. மற்ற பற்களைச் சுத்தம் செய்த மருத்துவர், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவை தங்கலாம் என்றார். திரும்பும் வழியில் ஜெயக்குமார் ஆட்டோவை ஒரு கடை வாசலில் நிறுத்தி, மென்மையான பிரஷ் ஒன்று வாங்கிவந்தார்.

சில வாரங்களில் ரத்தம் நின்றது. கலைவாணி கடைக்குப் போனார். சபாபதி உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். குஞ்சத்துக்கு வேறு ஆள் வைத்தாயிற்று என்றார். குரலில் கோபமே இல்லை. வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல், டீயை வாயின் ஓரமாகச் சாய்த்துக் குடித்தார் கலைவாணி. இப்போது ரத்தம் வருவதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சபாபதியின் பார்வை அங்கேயே நிற்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.