கதிரில் முளைத்த நெல்

நான் பொய் எழுதினேன். முளைக்காத விதை நன்றாக விளைந்ததாக எழுதினேன். அதை நம்பி விதைத்தவர்களில் என் மகளும் ஒருத்தி.

படித்தவன்தானே, ஏன் செய்தாய் என்பீர்கள். சொல்கிறேன்...

கடல் நடுவே எங்கள் தீவில், மாயாபந்தருக்கு அருகே ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் நான் உதவியாளன். நாட்டின் பண்ணைகளை எல்லாம் ஒரே வலையாகப் பின்னுகிறோம் என்று தில்லியில் திட்டம் போட்டார்கள். எங்கும் ஒரே விதை, ஒரே முறை. விளைச்சலை எழுதி அனுப்ப வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வலையில் உத்தரவு மட்டுமே கீழே வரும். எங்கள் மழையைப் பற்றி ஒரு சொல்கூட மேலே போகாது!

அந்த ஆண்டு, சீக்கிரம் விளையும் புது நெல் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. மூட்டைகள் அடித்தட்டில் கடல்நீரில் ஊறிக் கிடந்திருந்தன. நாற்றங்காலில் தூவினோம். ஒன்றும் முளைக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதலாம் என்றேன். பண்ணை அதிகாரி சிரித்தார்.

"முளைக்கலேன்னு எழுதுனா கப்பலையா கேப்பாங்க? நம்மளத்தான் கேப்பாங்க. பண்ணைக்குத் தாலா போட்டுப் பூட்டிட்டு நம்மளக் கப்பல் ஏத்திடுவாங்க, பாபு."

பக்கத்துத் தீவில் ஒரு பண்ணையை அப்படித்தான் மூடியிருந்தார்கள். தோல்வியும் ஒரு முடிவுதான் என்று அறியாதவர்களா அறிவியலுக்குக் கொள்கை வகுப்பது?

தீவுக்கு வந்து காடு திருத்திப் பயிர் செய்யும் குடியேறிகளிடம் பழைய நெல்லின் நாற்றை வாங்கி நட்டோம். அது நெடுநாள் பயிர். மழை ஓய்ந்த பிறகே முற்றும். நன்றாக விளைந்தது. அந்த விளைச்சலைப் புது நெல்லின் பெயரில் எழுதினேன்.

தில்லி மகிழ்ந்தது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. மறு ஆண்டே குடியேறிகளுக்கெல்லாம் அந்த விதையைக் கொடுத்தார்கள்.

என் மகள் செல்வியின் கணவனுக்குக் காடு திருத்திய நிலம் கொஞ்சம் உண்டு. விதை மூட்டையோடு என்னிடம் வந்தான்.

"மாமா, நீங்க வச்சுப் பாத்த நெல்லுதானே? நம்பிப் போடலாமா?"

"போடுங்க மாப்ள."

ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? இந்த முறை விதை நனையவில்லை, விளைந்துவிடும் என்ற ஆசையா? இரண்டும்தான்!

விளையவும் செய்தது. ஆனால் தீவின் அடைமழைக்கு நடுவே முற்றிவிட்டது. அறுக்க ஒரு வெயில் நாள் கிடைக்கவில்லை. நின்ற கதிரிலேயே நெல் முளைவிட்டது... ஒரே ஒரு பருவம் எங்கள் மண்ணில் உண்மையாகச் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்கும். சோதித்ததாகச் சொன்னவன் நான்.

மேலிடம் என்ன சொன்னது தெரியுமா? குடியேறிகள் முறையாகப் பயிர் செய்யவில்லையாம்!

மாப்பிள்ளை இப்போது தெற்கே வேறொரு தீவில், ஹட் பேயில், எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்காகக் காடு வெட்டும் கூலி. அதுவும் ஒரு புதுத் திட்டம்தான். கப்பல் வந்தால்தான் அவனைப் பற்றிய செய்தி வரும். வராத நாளில் எனக்குத் தூக்கம் இல்லை. செல்வி குழந்தையோடு என் வீட்டில் இருக்கிறாள்.

பக்கத்து வங்காளி வீட்டம்மா சர்க்கார் விதையைத் திட்டினால் செல்வி விடமாட்டாள். அப்பா பார்த்த விதையில் குற்றம் இருக்காது, நாங்கள்தான் நாள் தவறி நட்டிருப்போம் என்று இந்தியில் வாதாடுவாள். நான் உள்ளே கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்று மேகம் கூடியது. சோறு போட்டபடியே கேட்டாள்.

"இந்த வருசம் எந்த நெல்லுப்பா போடலாம்? நீ சொல்றதத்தான் போடணும்னு அவரு சொல்லி அனுப்பியிருக்காரு."

"பழைய நெல்லே போடும்மா."

"ஏம்ப்பா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்...