நடுவில் வந்த மூன்றாவது ஆள்

பூட்டுக்காரரிடம் வாயைக் கொடுத்தால் லேசில் மீள முடியாது என்பது கடைத்தெரு முழுக்கத் தெரியும். சாவி நகலெடுக்க வந்தவர் நின்றுகொண்டிருக்க, அரத்தை ஓட்டியபடியே ஆரம்பித்துவிடுவார்.

“வாங்குறவன் ஒருத்தன், விக்கிறவன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் சம்மதம். நடுவுல மூணாவது ஆளா சர்க்காருக்கு என்னங்க வேலை?”

அவர் மனைவியின் தம்பி நகராட்சியில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைவிடச் சண்டைதான் சூடாக இருக்கும்.

“அப்போ நீங்க நடக்குற ரோட்டை யாரு போட்டது மாமா? உங்க சந்தையா?”

“போட்டீங்க மாப்பிள்ளை, என் காசுல. போடட்டுமான்னு என்னைக் கேட்டீங்களா?”

“போதும், ரெண்டு பேரும் கை கழுவுங்க” என்று அக்காக்காரி தட்டுகளை எடுத்துவிடுவாள்.

எதிர்வரிசைக் கடைகளை இடித்து வாகன நிறுத்தமும் புதிய வணிக வளாகமும் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. இழப்பீட்டையும் நகராட்சியே நிர்ணயித்தது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். தையற்காரம்மா மட்டும் போடவில்லை. கணவன் விட்டுப்போன கடை அது.

“மனசில்லாதவகிட்ட வாங்கினா அதுக்குப் பேரு வாங்குறதில்ல, பிடுங்குறது” என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்தப் பேச்சு பூட்டுக்காரரின் கடையிலிருந்து போனதுதான். அன்று முழுவதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆணையோடு ஆட்கள் வந்த காலையில் அவள் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தாள். பூட்டு இவர் செய்து கொடுத்தது. மைத்துனன் வந்து கெஞ்சினான்.

“நீங்க திறந்துட்டா கதவாவது தப்பிக்கும் மாமா. இல்லேன்னா கட்டர் வெச்சு அறுப்பாங்க.”

“அறுக்கட்டும். அடுத்தவங்க கதவை என் கையால திறக்க மாட்டேன்.”

“எங்க பெரிய அதிகாரி பார்த்துக்கிட்டு இருக்கார் மாமா. என் வேலைக்கு உலை வெக்காதீங்க.”

இவர் உள்ளே திரும்பி உட்கார்ந்துகொண்டார். தெரு முழுக்க இரும்பு எரியும் வாடை. மாலைக்குள் அந்த வரிசையே தரைமட்டம்.

அடுத்த வாரம் இவர் கடைக்கே வந்தார்கள். தொழில் உரிமம் எங்கே என்றார்கள். அவர் வாங்கியதே இல்லை. உழைத்துச் சாப்பிட எவனிடம் அனுமதி கேட்பது என்று இருந்துவிட்டார். கடைக்குச் சீல் வைத்தபோது மைத்துனன் தலைகுனிந்து நின்றான்.

“இத்தனை வருஷம் உங்க கடைப் பக்கம் யாரும் வராம பார்த்துக்கிட்டது யாருன்னு நினைச்சீங்க மாமா?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எந்த அரசாங்கத்தைத் தினமும் ஏசினாரோ, அதன் ஒரு மூலையில்தான் இத்தனை காலம் ஒதுங்கியிருக்கிறார்.

சீல் வைத்த பூட்டு மட்டமான சரக்கு. கம்பியை விட்டுத் திருகினால் திறந்துகொள்ளும்.

“திறந்துடுங்களேன்” என்றாள் மனைவி.

“என் கடையை நானே திறந்தா திருட்டுன்னு எழுதுவாங்கடி.”

“அப்போ அபராதத்தைக் கட்டி உரிமம் வாங்குங்க. உங்க கொள்கையை வேக வெச்சா சோறாகுமா?”

மாதக்கணக்கில் வீம்பாக இருந்தார். வீட்டில் அடுப்பு எரிவதும் மனைவி பேசுவதும் ஒன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் போய்க் கையெழுத்துப் போட்டார். கடை திறந்தது, ஆள்தான் வரவில்லை. அதற்குள் எதிரே எழும்பிவிட்ட புதிய வளாகத்தில் ஒருவன் இயந்திரம் போட்டு, ஆள் நிற்கும்போதே, பாதி விலைக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தான்.

“அவன் உரிமத்துல ஏதாவது ஓட்டை இருக்கான்னு பார்க்கட்டுமா மாமா?” என்றான் மைத்துனன். மாமா கடைக்குச் சீல் வைத்தபோது தடுக்க முடியாத கடனைத் தீர்க்கும் ஆசை அவனுக்கு.

“வேண்டாம். மலிவா கொடுக்கிறான், ஜனங்க வாங்குறாங்க. அதுல என்ன தப்பு?” சொல்லிவிட்டு, வேலையில்லாமல் கிடந்த அரத்தைத் துடைத்து வைத்தார்.

பூட்டுப் பழுது பார்க்க அந்த வளாகத்துக்கு ஒருநாள் போனவர், முகப்பிலேயே தையற்காரம்மாவைப் பார்த்தார். பெரிய கடை. இரண்டு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க அண்ணே. ஆள் இல்லாதப்போ பூட்டை அறுத்தாங்கல்ல, அதுதான் நான் போட்ட கேஸுல எனக்குப் பலமாச்சு. ரெண்டு மடங்கு பணமும் கொடுத்து, இந்தக் கடையையும் ஒதுக்கினாங்க.”

“விக்கவே மாட்டேன்னு சொன்னியேம்மா?”

“அவங்க சொன்ன விலைக்கு மாட்டேன்னேன். என் பொருளுக்கு விலை நான்தான் சொல்லணும்னு நீங்கதானே அண்ணே சொல்லிக்கொடுத்தீங்க?”

அவள் கிண்டல் செய்யவில்லை. அவருடைய கடை மூடிக் கிடந்ததுகூட அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அவள் பேச்சில் எங்கே பிழை என்று பூட்டுக்காரர் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. “நல்லா இரும்மா” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.