சின்னச் சின்னத் திருத்தங்கள்

எலப்புள்ளியில் வீட்டிலிருந்தபடி, உலர்த்தும் அறைகளின் சூட்டைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தேன். சாந்தன்பாறையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லா அதற்கு ஒரு நீட்சி எழுதிச் சேர்த்தார். சூடு மிஞ்சினால் அவர் போனில் மணி அடிக்கும்.

புதிய பதிப்பில், வெப்ப அளவைக் கேட்கும் கட்டளையின் பெயரை மாற்றினேன். பழைய பெயர் எனக்கு அழகாகப் படவில்லை, அவ்வளவுதான். விளக்கி எழுதச் சோம்பல். "சின்னச் சின்னத் திருத்தங்கள்" என்று மட்டும் குறிப்பில் போட்டு வெளியிட்டேன்.

நான்கு நாளில் ஸ்டெல்லா கூப்பிட்டார். அவருடைய நீட்சி பழைய பெயரிலேயே அளவைக் கேட்டுக்கொண்டிருந்ததால் மணி அடிக்காமல், உலரப் போட்ட காய் மொத்தமும் கருகிவிட்டதாம்.

"குறிப்பப் படிக்காம ஏனுங்க அப்டேட் பண்ணுனீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"படிச்சேன் அண்ணே. சின்னத் திருத்தம்னு போட்டிருந்துச்சு. அத நம்பித்தான் பண்ணேன். இனி ஸ்டோருக்கு வர வேண்டாம்னுட்டாங்க."



இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் பக்கம் பக்கமாக விளக்குகிறேன். அவர் இந்த மென்பொருள் பக்கம் திரும்பி வரவேயில்லை. நீட்சியின் பக்கத்தில் அவர் கடைசியாக எழுதியது மட்டும் இருக்கிறது: "புதிய பதிப்பில் இது வேலை செய்யாது. மணி அடிக்காது."

நான் எழுதியிருக்க வேண்டியது அவ்வளவுதான்.