துருத்திக் கை

ஊரப்பாக்கம் சபையில் கீபோர்டு வாசிப்பவர் ஒரு பட்டனை அழுத்தினார், பறை அதிர்ந்தது. ஜனங்கள் கைதட்டிப் பாடினார்கள். பக்கத்தில் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கள் பழைய சபையான படாளத்துக் கோயிலின் ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்துவிட்டது.

அங்கே ஆர்மோனியம் அப்பாதான். வலது கை கீர்த்தனை வாசிக்கும். துருத்தியைத் தள்ளும் இடது கையோ, சிறுவயதில் சாவுக்கு அடித்த பறையின் தாளத்திலேயே போகும். பாட்டு மூச்சு வாங்கி மூச்சு விடும். "பாட்டு சனங்களுக்கு. என் ஜெபம் இந்தக் கையிலதான் கீது" என்பார்.

ஒரு ஞாயிறு, எங்கள் போதகர் ஐயர் பீடத்திலிருந்தே அப்பாவைக் கேட்டார்: "இன்னா ஏசடியான், பொணம் எங்க கீது?" சபையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், முக்காட்டுக்குள். அடுத்த வாரம் துருத்தி தள்ள வேறு ஆள் வந்தார். அப்பா இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வாசித்தார், பிழையே இல்லாமல், விரல்கள் விறைத்துப்போகும் வயது வரைக்கும்.

ஊரப்பாக்கத்தில் பாட்டு முடிந்ததும் அப்பாவின் காதில் சொன்னேன்: "கேட்டியாப்பா? இப்போ உன் தாளத்துலதான் ஆராதனையே நடக்குது."

"நடக்கட்டும். அன்னிலர்ந்து நான் ஜெபமே பண்ணல. சும்மா வாசிச்சிக்கினு இருந்தேன்."