பிரிஜட் மிஸ்ஸி போட்ட மார்க்

என் தங்கை பிரிஜட்டின் இடது புருவத்துக்கு மேலே ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. நான் தையல்காரன், எண்ணாமல் இருக்க முடியாது. யாராவது கேட்டால் அவள், "மிஷின் மேசையில இடிச்சுக்கிட்டேன்" என்பாள். அது பொய். 1979 மார்ச் 17ஆம் தேதி, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, டன்லப் ஸ்திரீட்டில் உள்ள எங்கள் கடையில் வைத்து, மூட்டை தூக்கும் கொக்கியால் ஒரு மனிதன் அவளைக் கிழித்தான். அவன் பெயர் சேதுபதி. இன்று அவன் இரண்டு காலோடு நடமாடுகிறான் என்றால் அதுவும் என் தங்கையால்தான்.

எங்கள் அப்பா சிலுவைராஜுக்கு இனிப்புநீர் வியாதி. 1958இல் முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. அதற்குப் பிறகு முழங்காலோடு. பதினோரு மாதத்தில் மூன்று அறுவை. வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் எட்டின ஆளையெல்லாம் அடித்தார். சீனி போடாமல் காப்பி கொடுத்ததற்காக அம்மாவின் தோள் எலும்பை உடைத்தார். பிரிஜட்டுக்கு அப்போது பத்து வயது. தடியைப் பிடுங்கி மாடியிலிருந்து தெருவில் எறிந்தவள் அவள்தான். அடுத்த வருடம் அப்பா இறந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவள், "இது வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதா?" என்று கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை அவள் விடவில்லை.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவள் நர்ஸ் படிப்பு முடித்து, 1970இல் வெள்ளை உடுப்போடு, ஊர் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸாக, அரசாங்க கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த முதல் உடுப்பை நான்தான் தைத்தேன்.

நான் கடை வைத்தது 1961. அன்று முதல் என்னிடம் சட்டை, சிலுவார் என்கிற கால்சட்டை தைத்தவர்கள் எல்லோருடைய அளவும் தேதி போட்டு நோட்டில் இருக்கிறது. 1976இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்தவள், அந்த நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இந்த சூசைநாதன் மாமாவுக்கு அறுபத்திரண்டுல இடுப்பு முப்பத்தொண்ணு. எழுபத்திரண்டுல முப்பத்தெட்டு. சரியா எழுதியிருக்கீங்களா?"

"நான் தப்பா எழுதுவேனா?"

"அவருக்கு எழுபத்து நாலுல இனிப்புநீர் வந்துச்சு. இன்னும் யாரு யாருக்கு இடுப்பு இப்படிப் பெருத்திருக்கு, பாருங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்தோம். பத்து வருடத்துக்கு மேல் அளவு கொடுத்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டாள். பத்து வருடத்தில் இடுப்பு நான்கு அங்குலத்துக்கு மேல் பெருத்திருந்தால் மூன்று மார்க். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வியாதி இருந்தால் இரண்டு, இருவருக்கும் என்றால் நான்கு. நாற்பது வயது தாண்டினால் இரண்டு. ரத்தக் கொதிப்புக்கு ஒன்று. உட்கார்ந்தே செய்யும் வேலைக்கு ஒன்று. ஏழும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் முப்பத்து நான்கு பேர், அதில் பத்தொன்பது பேருக்கு வியாதி வந்திருந்தது. மூன்றுக்குக் கீழே வாங்கியவர்கள் எழுபத்தாறு பேரில் இரண்டே பேருக்கு. அவளுடைய கிளினிக் டாக்டர் சிவகாமசுந்தரி இதைப் பார்த்துவிட்டு, "இதை ஆராய்ச்சின்னு சொல்லிக்க முடியாது. ஆனா யாருக்கு முதல்ல ரத்தம் எடுக்கணும்னு தெரிஞ்சுக்க உதவும்" என்றார்.

பிறகு அட்டை போட்டோம். தேக்கா சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டு, மார்க் போட்டுக் கொடுப்பதற்கு. என் கையெழுத்து அழகு என்று எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தாள். ஏழும் அதற்கு மேலும் வாங்கியவர்களின் அட்டையில் எழுத அவள் சொன்னது: 'இனிப்புநீர் வரலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கவும்.'

நான் 'வரும்' என்று எழுதினேன்.

கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. கடையில் சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டால் 'வெள்ளிக்கிழமை வரும்' என்றுதான் சொல்லவேண்டும். 'வரலாம்' என்று சொல்லும் தையல்காரனிடம் எவன் துணியைக் கொடுப்பான்? உறுதியாகச் சொன்னால்தான் ஆட்கள் மதித்து ரத்தம் பார்க்கப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. இருநூறு அட்டையிலும் அப்படியே எழுதினேன். அவள் என்னை நம்பி, மார்க்கை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

சேதுபதி, ஆற்றோரம் போட் கீ துறையில் படகுகளிலிருந்து அரிசி, சீனி மூட்டை இறக்குகிறவன். வயது நாற்பத்து நான்கு. அவனுடைய அம்மா இனிப்புநீரில் கண் போய் இறந்தவர். வீட்டுக்குப் போனபோது அவன் இல்லை. அவன் மனைவி பூவம்மாதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இடுப்புக்கு மூன்று, அம்மாவுக்கும் வயதுக்கும் இரண்டிரண்டு, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, மொத்தம் எட்டு மார்க். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், லாரியில் ஒருவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். அவன் சத்தமாகப் படித்தான்.

அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் 'சீனிமூட்டை'.

"சீனிமூட்டையைப் பாத்துத் தூக்குங்கடா, எறும்பு கடிக்கும்" என்றார்கள். அதோடு விட்டிருந்தால் அவன் இரண்டு பேரைக் குத்திவிட்டு மறந்திருப்பான். ஆனால் ஆள் பிரித்துவிடும் மண்டோர் முத்துசாமி, "மயக்கம் போட்டுப் பலகையிலேருந்து விழுந்தா யாரு பதில் சொல்றது? நீ கொஞ்ச நாள் வீட்டுல இரு" என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் வேலை இல்லை. ஐந்தாம் நாள் காலை பூவம்மாவின் முகத்தை உடைத்துவிட்டு, பகலில் எங்கள் கடைக்கு வந்தான். பிரிஜட் அரைநாள் வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு எனக்கு எட்டு மார்க் போட்டது?"

"நான்தாண்ணே. உட்காருங்க."

"உட்கார வரல. வியாதி இல்லாதவனுக்கு வியாதி வரும்னு எழுதுறியே, நீ மிஸ்ஸியா, சூனியக்காரியா?"

"வரும்னு சொல்லலண்ணே. வரலாம்னுதான்..."

அட்டையை அவள் தட்டில் எறிந்தான். அவள் எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் கொக்கி வருவதைப் பார்க்கவில்லை.

சதை கிழிகிற சத்தம் துணி கிழிகிற சத்தம் மாதிரி இருக்காது. அதைவிடச் சின்னது. ரத்தம் கண்ணை மூடி, கழுத்துப்பட்டியில் இறங்கி, மேசையில் வெட்டிவைத்திருந்த துணி வரைக்கும் தெறித்தது. அவன் இரண்டாம் தடவை கையை ஓங்கினான். சூடாக இருந்த எட்டு ராத்தல் இஸ்திரிப்பெட்டியை எடுத்து அவன் முன்கையில் வைத்து அழுத்தினேன். தோல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் கத்தவில்லை. மற்ற கையால் என்னைத் தூக்கி ஆளுயரக் கண்ணாடியில் அடித்தான். கண்ணாடியோடு நானும் விழுந்தேன். அதற்குள் பூவம்மா ஓடிவந்து, அவன் கையிலிருந்து விழுந்து கிடந்த கொக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எப்படிக் காயம் என்று கேட்டதற்கு அவள் மிஷின் மேசை என்றாள். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பெட்டி கைமேல விழுந்துருச்சு" என்றான். அந்த நிலைமையிலும் அவள், தெரிந்த நர்ஸைக் கூப்பிட்டு அவனுடைய ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது.

அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். "மிஸ்ஸி, உன் மார்க் பெயிலு லா."

"இன்னைக்கு இல்லண்ணே. அட்டை இன்னைக்கைப் பத்திச் சொல்லல."

எங்கள் சித்தப்பா மகன் மரியஅந்தோணி, பஸ் கண்டக்டர், கோயில் பங்கில் ஐந்து பேரைத் திரட்டிக்கொண்டு அவனை உதைக்கக் கிளம்பினான். பிரிஜட் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றாள். "அவர் காலை ஒடிச்சுப்போட்டா, நான் எதைக் காப்பாத்துறதுக்கு இத்தனை நாள் எழுதினேன்?" என்றாள். அவர்கள் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் ஒரு கண்ணில் கட்டோடு சேதுபதி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நின்றபடியே சொன்னாள்.

"போலீஸுக்குப் போகல. ஆனா ரெண்டு விஷயம். மார்ச்லயும் செப்டம்பர்லயும் சாப்பிடாம வந்து ரத்தம் குடுக்கணும். பூவம்மாக்கா மேல கை வைக்கக் கூடாது. ரெண்டுல எது தவறினாலும் என்னை யாரு கிழிச்சதுன்னு எனக்கு ஞாபகம் வந்துரும்."

"மிரட்டுறியா?"

"ஆமாண்ணே."

அவன் பூவம்மா பக்கம் திரும்பினான். "கொக்கி எங்கடி?"

"ரோச்சோர் கால்வாயில கெடக்கு. எறங்கி எடுத்துக்க."

அப்போது நான் சொன்னேன், அந்த 'வரும்' என் எழுத்து, தங்கைக்குத் தெரியாது என்று. அவன் கட்டில்லாத கையால் என்னைக் குத்தினான். கீழ்வரிசையில் இரண்டு பல் போயிற்று. பிரிஜட் தடுக்கவில்லை. நான் வாயைத் துடைக்கும்வரை காத்திருந்துவிட்டு, "மண்டோர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க அண்ணே" என்றாள். போனேன். ரத்தச் சோதனைத் தாளைக் காட்டி அவனை வேலையில் சேர்த்துவிட்டு வந்தேன்.

மீதி இருந்த நூற்று ஐம்பத்தொன்பது அட்டையிலும் அந்தச் சொல்லை அடித்து 'வரலாம்' என்று எழுதினேன். வீடுகளுக்குப் போன நாற்பத்தொன்றையும் திருத்தப் படியேறி இறங்கினேன். நாற்பது கிடைத்தன. ரோவல் ரோட்டில் ஒரு அம்மாள், அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று, என்னை விளக்குமாற்றால் மூன்று அடி அடித்தார். அட்டையைத் தரவேயில்லை.

சேதுபதி அந்தச் செப்டம்பரில் வந்தான். திட்டிக்கொண்டே வந்தான். நரம்பு கிடைக்காமல் ஊசியை இரண்டு தடவை குத்தியதற்கு ஒரு நாற்காலியை உதைத்து உடைத்தான். சர்க்கரை சரியாக இருந்தது. மார்ச்சிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும், "பெயிலு" என்று சொல்லிவிட்டுப் போவான். கிளினிக்கில் மற்றவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்தது. முப்பத்து நான்கு பேரில் பதினைந்து பேருக்கு வராமலும் இருந்ததே, இவன் அந்தப் பதினைந்தில் ஒருவனாக இருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன்.

"இருந்தா நல்லதுதானே" என்றாள்.

1981 ஆகஸ்டில் குடித்துவிட்டுப் பூவம்மாவின் காதைத் தோட்டோடு இழுத்துக் கிழித்தான். பிரிஜட் காதைத் தைக்க ஏற்பாடு செய்துவிட்டு, பூவம்மாவைக் கையோடு போலீஸுக்கு அழைத்துப் போனாள். தன் புருவத்தையும் காட்டினாள். முன்பு மேசை என்று சொன்னதற்காக அவளை ஒரு மணி நேரம் குடைந்தார்கள். அவனுக்குச் சிறை கிடைத்தது. இனி அவன் வரமாட்டான், வந்தால் கொல்லத்தான் வருவான் என்று நான் கடைக் கதவுக்குப் பின்னால் இரும்புக் குழாய் வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் வெளியே வந்தான். அதற்கடுத்த வாரமே, காலை ஏழரை மணிக்கு, வெறும் வயிற்றோடு கிளினிக் வாசலில் நின்றான். பூவம்மா கூட வரவில்லை. அவர் ஈசூனில் தம்பி வீட்டில் இருந்தார். பிரிஜட் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னாள். இஸ்திரிப்பெட்டி முனையின் வடிவத்தில் தழும்பு அப்படியே இருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. அந்தத் தடவை அவன் 'பெயிலு' சொல்லவில்லை.

1983 செப்டம்பரில் 168 வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். 171. சிவகாமசுந்தரி டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அவன் எழுந்து கதவு நிலையில் ஓங்கிக் குத்தினான். இரண்டு விரல் முட்டி உடைந்தது. இன்னொரு கையையும் ஓங்கியபோது பிரிஜட் அந்தக் கைக்கும் நிலைக்கும் நடுவே போய் நின்றாள். அவன் கை ஓங்கியபடியே நின்றது.

"எங்க அம்மா மாதிரி கண்ணு போயிருமா?"

"உங்க அம்மாவுக்குக் கண்ணு போன பெறகுதான் வியாதின்னே தெரிஞ்சுச்சு. உங்களுக்குப் புண்ணு ஒண்ணும் இல்ல, கண்ணு நல்லா இருக்கு. மார்ச்ல இல்லாதது, இப்ப வந்திருக்கு. ஆறே மாசம். இதுக்குத்தான் உங்களை மிரட்டினேன்."

அவன் கையைக் கீழே போட்டான். முட்டியில் கட்டுப் போடும்போது அழுதான் என்று சொன்னாள். நான் பார்க்கவில்லை, அதனால் அதற்கு மேல் எழுதவில்லை. மாத்திரை, அளவுச் சோறு, குடியை விட்டது எல்லாம் அவன் செய்தான். அடுத்த வருடக் கடைசியில் பூவம்மா திரும்பி வந்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு, ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் தங்கினார்.

1985இல் ஒரு சனிக்கிழமை காலை கிளினிக் வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது. அன்றைக்கு அவளுக்குக் காலைச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். சேதுபதி முன்னால் இறங்கி, பின்பக்கத்தைத் திறந்து, ஆறு பேரை ஒவ்வொருவராக இறக்கினான். எல்லோரும் மூட்டை தூக்குகிறவர்கள். ஆறாவது ஆளை, சுந்தரம் என்று பெயர், சட்டைக் காலரைப் பிடித்துத்தான் இறக்கினான். அவன் மேல் உதடு பிளந்து முகவாயெல்லாம் ரத்தம்.

"மிஸ்ஸி, இவனுங்க எல்லாம் ஏழுக்கு மேல."

"இவரை யாரு அடிச்சது?"

"வரமாட்டேன்னான்."

பிரிஜட் அவனைத் திட்டிய திட்டு, உள்ளே இருந்த டாக்டர் வரைக்கும் கேட்டது. "இன்னொரு தடவை யார் மேலயாவது கை நீட்டினீங்க, மறுபடியும் போலீஸ்ல குடுப்பேன்."

"தெரியும். குடுத்தவதானே நீ" என்று சொல்லிவிட்டு, அவன் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

சுந்தரத்தின் உதட்டுக்கு இரண்டு தையல் விழுந்தது. பிரிஜட்டின் புருவத்தில் போட்டது போல் இடைவெளி விடாமல், நெருக்கம் சரியாக இருந்தது. பிறகு ஆறு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை. மற்ற இரண்டு பேருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அதில் ஒருவன் சுந்தரம். முடிவு கிடைத்த அன்று சாயங்காலம் அவன் சேதுபதியைத் தேடிக்கொண்டு போய், மூக்கில் ஒரு குத்து விட்டுவிட்டு, மாத்திரையைச் சோற்றுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று கேட்டானாம்.